புள்ளித்தாளின் மறுபாதி

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே பூக்கடைகளைத் தாண்டினால் ஒரு ஜெராக்ஸ் கடை வருமே, அதன் வாசலில் இன்று காலை குடையை மடக்கிக்கொண்டு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் ஏதோ அச்சடிக்கச் சொல்லியிருந்தார். தாள் மெஷினிலிருந்து சூடாக நழுவி வெளியே வந்தது. காய்ந்த மையும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை மழைக்காற்றோடு சேர்ந்து மூக்கில் ஏறியதும், எங்கே நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அடிப்பாவி, ஜெராக்ஸ் கடையிலா வந்து நிற்பாய் நீ?

செம்பூரில் நம் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறை கண்முன் மெல்ல மிதந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே டிராம்பே பக்கத்துப் புகைபோக்கிகள், மழையில் பாதி கரைந்து நிற்கும். நீ கணினித் துறை, நான் வேதியியல். நல்ல கம்ப்யூட்டர்கள் உங்கள் பக்கம் இருந்ததால் நான் அங்கே ஒண்ட வந்தவள். காசநோய்க் கிருமியின் புரதம் ஒன்றில் சின்னப் பள்ளம் இருக்கிறது. அதில் கச்சிதமாகப் போய் உட்காரும் மூலக்கூறு கிடைத்தால் கிருமியின் வேலை நின்றுவிடும். அப்படி ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே தேடுவதுதான் என் ஆராய்ச்சி. ஒவ்வொன்றாக உட்கார வைத்துப் பார்ப்பேன், ஒன்றும் உட்காராது. நீ உன் நாற்காலியிலிருந்து எட்டிப்பார்த்து, "ஏட்டி, இன்னைக்காவது ஒக்காந்துச்சா?" என்பாய்.

ஏட்டி. முதல் தடவை நீ அப்படிக் கூப்பிட்டபோது எனக்குச் சுருக்கென்றது. பாலக்காட்டிலிருந்து வந்து மாட்டுங்காவில் தலைமுறை தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்த்த குடும்பம் எங்களுடையது. அங்கே யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. போனில் உன் குரலைக் கேட்டுவிட்டு என் அம்மாகூட, "யாருடி அது, ஏட்டி ஏட்டின்னு கத்திண்டிருக்கா?" என்றாள். உன்னிடம் அதை அப்படியே சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "எங்க தின்னவேலிப் பக்கம் பிரியமான பொம்பளப் புள்ளைய அப்படித்தான் கூப்புடுவோம். எங்கம்மா என்னைய கூப்புடுதத நீ கேக்கணுமே, தாராவியே திரும்பிப் பாக்கும்" என்றாய். பிறகு அந்தச் சொல் எனக்குப் பழகிவிட்டது. எப்போதோ நீ மறந்துபோய் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, உனக்கு என்மேல் என்ன கோபமோ என்று பயந்தே போனேன்.

உன் ஆராய்ச்சி எனக்கு வெறும் மாயாஜாலம். ஒரு படத்தை எடுத்து இரண்டு பிளாஸ்டிக் தாள்களில் புள்ளிகளாகச் சிதறடிப்பாய். எந்தத் தாளைத் தனியாகப் பார்த்தாலும் கறுப்பு மணலைத் தூவிவிட்டது போலத்தான் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு துளித்துளியாக நகர்த்தினால், சரியான இடத்துக்கு வந்த அந்த நொடியில் படம் எழும்பி வரும். மயிரிழை விலகினாலும் மறுபடி மணல்தான். "ஒத்தையில பாத்தா வெறும் புள்ளி. ரெண்டும் சேந்தாத்தான் சேதி" என்பாய். அப்படியானால் ஒரு தாளில் பாதிச் சேதி இருக்கிறதா என்று கேட்டேன். பாதியும் இல்லை, காலும் இல்லை, ஒன்றுமே இல்லை, அதுதான் இதன் அழகே என்றாய். ஒன்றுமே இல்லாத இரண்டு சேர்ந்து எப்படி ஒன்றாகிறது என்பது எனக்கு இன்றைக்கும் கனவு மாதிரிதான் இருக்கிறது.

அந்தக் கருத்தரங்கு நினைவிருக்கிறதா? என் மூலக்கூறின் படத்தையே ரகசியமாக வைத்துத் தாள்களைத் தயாரித்திருந்தாய். பழைய புரொஜெக்டர்மேல் வைத்து நகர்த்தினாய், படம் எழும்பியது, கூடமே கைதட்டியது. நான் மட்டும் எழுந்து, "ஐயையோ, அது என்னோடது இல்லை!" என்று கத்தினேன். இரண்டு தாளையும் சேர்த்துக் குப்புற வைத்திருந்தாய் நீ. இடம் வலம் மாறிவிட்டால் மருந்து விஷயத்தில் அது வேறு பொருள். பள்ளத்தில் உட்காரவே உட்காராது. "கண்ணாடியில பாத்தாலும் நீ நீதானட்டி?" என்று வெளியே வந்ததும் சண்டைக்கு நின்றாய். வலது செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு தாராவி வரைக்கும் நடந்து பார், அப்புறம் பேசலாம் என்றேன். இனிமேல் எல்லாத் தாளிலும் மூலையில் ஒரு வெட்டுப் போட்டு எது மேல்பக்கம் என்று அடையாளம் வைக்கிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய்.

பிறகு உனக்கு இருமல் வந்தது. மருந்துக்கு அடங்காத காசநோய் என்றார்கள். பகலெல்லாம் நான் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த அதே கிருமி. ஆஸ்பத்திரி ஜன்னலோரம் உட்கார்ந்து நீ கேட்டாய்: "உம் மருந்து எப்ப வரும்ட்டி?" எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும், அப்புறம் சோதனைக் குழாய், அப்புறம் எலி, அப்புறம் மனிதர் என்று வருஷக்கணக்காகும் என்றேன். நீ போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாய். "அப்ப எனக்கில்ல. சரி விடு, அடுத்து வாரவளுக்குச் செய்யி." எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபம் அடங்குவதற்குள் ஒரு புள்ளித்தாளை என் கையில் கொடுத்தாய். இன்னொன்று எங்கே என்றேன். "இருக்க வேண்டிய எடத்துல இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு தாராவிக்கு வந்தேன். உன் அம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, "உள்ள வராதீங்க டீச்சர், ஒட்டிக்கிரும். நீங்க நல்லா இருக்கணும்" என்றார். நான் யாருக்கும் டீச்சர் இல்லை. மாட்டுங்காவிலிருந்து கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிற பெண் என்றால் அவருக்கு டீச்சர்தான். நீ போன பிறகும் ஒருதடவை வந்தேன். எனக்கு நாற்காலி போட்டு, கடையில் கூல்டிரிங்க்ஸ் வாங்கிக் கொடுத்து, ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார். உன்னைப் பற்றி நான் வாய்விட்டுப் பேச இந்த ஊரில் இருந்தது அவர் ஒருவர்தான். அவர் முன்னால் விருந்தாளியாக உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்தேன். மறுபடி போகக் கால் வரவில்லை. உன் தாளை மட்டும் லேப்டாப் பையின் பின்னறையில் வைத்துச் சுமந்துகொண்டே திரிந்தேன்.

போன மழைக்காலத்தில் அவரே போன் செய்தார். "டீச்சர், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே எல்லாம் கவரோட கெடக்கு. அதுல வெள்ளி எடுப்பாங்களாம், பழசு வாங்குத பங்கார்வாலா வந்து வந்து கேக்கான். பழைய சாமானோட சாமானா போடவும் மனசு வரல, வச்சுப் பாக்கவும் முடியல. நீங்க மருந்துப் படிப்பு படிச்சவங்க, ஒருக்க வந்து பாத்துச் சொல்லுதீங்களா?" மறுநாளே போனேன். சந்தில் தோல்பைப் பட்டறைகளின் பசை வாசனையும் மழை வாசனையும் கலந்து கிடந்தன. உள்ளே வெளிச்சம் போதாது என்று வாசலிலேயே நின்று, ஒவ்வொரு படமாக வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தோம். உன் விலா எலும்புகளுக்குள் மேகம் நகர்ந்தது. கடைசித் தாளை மட்டும் அவர் என்னிடம் தரவில்லை.

"இது வேண்டாம் டீச்சர். இது கடேசியா எடுத்தது. எலும்புகூடத் தெரியல, நெஞ்சு பூரா பொடிப்பொடியா நோய்தான். ஒருவாட்டி பாத்தேன், பொறவு பாக்கவே இல்ல."

வாங்கிப் பார்த்தேன். எக்ஸ்ரே இல்லை, உன் புள்ளித்தாள். எந்தக் காரணத்துக்காகவும் உன் அம்மா தூக்கிப் போடமாட்டார் என்று தெரிந்துதானே அந்த உறைக்குள் வைத்தாய்? வைத்தவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் புள்ளிகளை எல்லாம் உன்னைத் தின்ற நோய் என்று நினைத்துக்கொண்டு இத்தனை காலமும் அவர் பயந்திருக்கிறார்.

"அம்மா, இது நோய் இல்லைம்மா" என்றேன். பையிலிருந்து என் தாளை எடுத்து அதன்மேல் வைத்தேன். மணல். நகர்த்தினேன், மணல்தான். மூலையில் வெட்டுப் போடுகிறேன் என்று சத்தியம் செய்தாயே, போட்டாயா? ஒரு தாளைத் திருப்பி வைத்து மறுபடி துளித்துளியாக நகர்த்தினேன். ஏதோ கறுப்பாக எழும்பியது, இடம் வலம் மாறி. இரண்டையும் சேர்த்துத் திருப்பினேன்.

"என்னவோ எழுதிருக்குல்ல? எனக்கு எழுத்து தெரியாதே, என்ன போட்டுருக்கு?" என்று என் தோளைப் பிடித்தார்.

"ஏட்டி" என்று படித்தேன்.

அவர் என் வாயையே பார்த்தார். "இன்னொருக்கச் சொல்லுங்க." சொன்னேன். "நான் கூப்புடுத மாதிரியே எழுதிருக்காளா எம்புள்ள?" என்று அந்த எழுத்துகளை விரலால் தடவினார். கை பட்டதும் தாள் விலகி எல்லாம் மறைந்தது. பதறிப்போய் என்னைப் பார்த்தார், நான் திரும்பச் சேர்த்துக் காட்டினேன். இரண்டு பேரும் அந்த வாசலில் நின்று ஓவென்று அழுதோம், சந்தில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க. சாரல் அடித்து எங்கள் தோள் நனைந்திருந்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, எதுக்கு மழையில நிக்க? உள்ள வா" என்றார்.

இரண்டு தாளையும் நீயே வைத்துக்கொள் என்று எவ்வளவோ சொன்னார். நான் வாங்கவில்லை. இரண்டும் ஒரே கையில் இருந்தால் அப்புறம் என்னத்துக்குச் சந்திப்பது? இப்போது அவருடையது அவரிடம், என்னுடையது என்னிடம். நான் போகும்போதெல்லாம் சேர்த்துப் பார்க்கிறோம், உன்னைப் பற்றிப் பேசிப் பேசி வாய் வலிக்கிறது. அந்த எக்ஸ்ரேக்களைப் பங்கார்வாலாவுக்குப் போட்டாயிற்று. அப்புறம், மூலக்கூறு ஒன்று ஒருவழியாக உட்கார்ந்துவிட்டது. சோதனைக் குழாய்க்குப் போகிறது, அதற்கான படங்களை அச்சடிக்கத்தான் இந்த ஜெராக்ஸ் கடை. தேறுமா என்று தெரியாது. அடுத்து வருகிறவளுக்கு.

என் முறை வந்து பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. உன் அம்மாதான். "ஏட்டி, எங்க இருக்க? இட்லி ஊத்தியாச்சு, வாரியா?" என்றார். கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்டிருக்கும். உன் புள்ளித்தாள் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"இதோ வாரேன்" என்றேன்.