நீக்கப்பட்ட இருவர்

வெள்ளிக்கிழமை, இரவு.

தடுப்பூசி போட்டால் பிள்ளைக்கு ஆயுசுக்கும் வலிப்பு வரும் என்று சேத்தூர் டைலர் செல்வம் வீடியோ போட்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே எடுத்துச் சொல்லி, அது பொய் என்று நர்ஸ் உடையிலேயே நானும் ஒரு வீடியோ போட்டேன். தடுப்பூசி பற்றிய தப்பான தகவல் என்று அந்தத் தளத்துக்காரர்கள் இரண்டையுமே நீக்கிவிட்டார்கள்.

இன்று செல்வம் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். சண்டைக்குத்தான் என்று பயந்தேன்.

"சிஸ்டர், ஒங்களையுமா தூக்கிட்டாய்ங்க?" என்று சிரித்தார். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நாம பேசக் கூடாதுன்னு சொல்ல அவங்க யாரு?" என்றார்.

"இங்க பேசுங்கண்ணே. இங்க யாரும் அழிக்க மாட்டாங்க."

ஊசி போட்ட வாரம் அவர் அக்கா மகனுக்கு வலிப்பு வந்ததாம். அந்தப் பயம்தான் அம்புட்டும். ஊசிக்குக் காய்ச்சல் வரலாம், காய்ச்சலில் அபூர்வமாக வலிப்பும் வரலாம், ஆனால் அது ஆயுசுக்கும் நிற்காது, வந்தால் என்ன செய்யணும் என்று மறைக்காமல் சொன்னேன். பொறவு, வெளியே பைக்கில் காத்திருந்த மனைவியையும் கைக்குழந்தையையும் கூப்பிட்டார்.

ஊசி போட்டதும் பிள்ளையோடு சேர்ந்து அவரும் அழுதார். வேலை முடிந்து வீடு திரும்பும்போது, ராஜபாளையம் வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.