தகரப் பெட்டியும் ஆடி விருந்தும்

ஜூன் 12, 2025 – வியாழன்

இன்றைக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம். மதுரை வண்டியில் கொடுத்துவிட்டு வந்தேன். கோவில்பட்டிக் கல்யாணத்தை நாம் படம் பிடிக்கிறோம். வெட்டி ஒட்ட மட்டும் அது மதுரைக்குப் போய்வர வேண்டும். போன தடவை தாலி கட்டும்போது குலவை போட்ட அத்தையையே வெட்டித் தூக்கிவிட்டார்கள். அந்த அத்தை ஸ்டூடியோவுக்கே வந்து என்னிடம் சண்டை போட்டது. நான் என்ன செய்ய? பாஸ்போர்ட் போட்டோ பிரிண்ட் போடுவதும் ஜெராக்ஸ் காப்பி எடுப்பதும்தானே என் வேலை. எடிட்டிங் படித்தவள் என்று பெயர்.

அந்தச் சூட்டோடு முதலாளி பரீத் பாயிடம் மறுபடியும் கேட்டேன். ஒரு நல்ல கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுங்கள், எல்லாம் இங்கேயே முடிக்கிறேன் என்று. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "அம்பதாயிரம். அதுக்கு மேல கேக்கப்பிடாது" என்றார். கூடவே ஒரு நிபந்தனை. தீப்பெட்டி ஆபீஸ் சோலைராஜ் அண்ணாச்சி மகளுக்கு இந்த மாதக் கடைசியில் கல்யாணம். ஆடி ஒன்றாம் தேதி மாப்பிள்ளையை விருந்துக்கு அழைக்கும்போது வீட்டில் கல்யாணப் படம் ஓட வேண்டுமாம். அந்தப் படம் நம் புதுக் கம்ப்யூட்டர் பெட்டியில் முடியாவிட்டால், பெட்டியை விற்றுவிட்டு மறுபடி மதுரைதான். நான் மறுபடி காப்பிதான்.

வேகமாகத் தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் நாள்காட்டியில் நாளை எண்ணிப் பார்த்தேன்.

ஜூன் 15 – ஞாயிறு

காலை முழுக்க முத்துசெல்வத்தின் கம்ப்யூட்டர் கடையில். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். அந்த மிதப்பு இன்னும் போகவில்லை. கலர் கலராக விளக்கு எரியும் கேபினெட்டைக் காட்டி மயக்கப் பார்த்தான். விளக்கா ரெண்டர் பண்ணும்? வெட்டிக் கோத்ததை எல்லாம் ஒரே படமாக ஆக்கித் தர பிராசசர் வேண்டும், ராம் வேண்டும், கண்டதை வாங்காமல் ஒரு நல்ல பவர் சப்ளை வேண்டும். கேபினெட் தகரமானாலும் போதும். மானிட்டரும் கீபோர்டும் பழையதே இருக்கட்டும்.

கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் பணம் இடித்தது. யாரோ வைத்திருந்த பழைய கார்டு ஒன்று அவனிடம் இருந்தது. அவன் வேண்டாம் என்றான். நான்தான் பிடிவாதமாக வாங்கினேன்.

ஜூன் 18 – புதன்

மாட்டியாச்சு. சுவிட்சைப் போட்டால் மூச்சுப் பேச்சில்லை. பார்த்தால் முத்துசெல்வம் ஒரு வயரைச் செருக மறந்திருக்கிறான்! செருகியதும் ஃபேன் சுற்றியது.

பாய் எட்டிப் பார்த்தார். "இந்தத் தகரப் பெட்டிக்கா இம்புட்டுத் துட்டு?" என்று கேட்டுவிட்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவரைத் தலை நிமிர்த்தச் சொல்லப் போய்விட்டார். பெட்டிக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஜூன் 24 – செவ்வாய்

பழைய கல்யாணம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஓடுது. நிற்காமல் ஓடுது!

ஜூலை 2 – புதன்

சோலைராஜ் அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம் முழுக்க உள்ளே ஏற்றியாகிவிட்டது. பெண் சிரித்தால் கூடவே மாப்பிள்ளையும் சிரிக்கிறார்; எதற்கென்று அவருக்கே தெரியாது. எனக்கு இந்த மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. குலவை போட்டவர்கள் ஒருவர் விடாமல் வைத்திருக்கிறேன்.

காற்று ஆரம்பித்துவிட்டது. கரிசல் புழுதி கதவிடுக்கு வழியாக வந்து கீபோர்டில் உட்காருகிறது. துடைத்துத் துடைத்துக் கை ஓய்கிறது. போட்டோவுக்குப் பின்னால் தொங்கும் நீலத் துணி வேறு திடீரென்று குட்டையாகிவிட்டது. இன்று ஒருவர் தோளுக்குக் கீழே சுவர் தெரிந்தது. கேட்டால் எலி கடித்துவிட்டது என்கிறார் பாய். கத்திரிக்கோல் வைத்திருக்கிற எலி போல.

ஜூலை 7 – திங்கள்

முகூர்த்தப் பகுதியை ரெண்டருக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் பெட்டி அணைந்து கிடக்கிறது. மறுபடி போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சமர்த்தாக முடித்துக் கொடுத்தது. கரண்ட் போயிருக்குமோ?

ஜூலை 8 – செவ்வாய்

இன்றும் அப்படியே, சாப்பிட்டு வருவதற்குள். கரண்ட் போகவில்லையாம். பாயைக் கேட்டால், ஸ்கிரீன் கருப்பாக இருந்தது, தூங்குகிறது என்று நினைத்தேன் என்கிறார்.

ஜூலை 9 – புதன்

முத்துசெல்வம் பெட்டியைத் தன் கடைக்குத் தூக்கிப் போய் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. சூடுகூட ஏறவில்லையாம். "ஒன்னய விட்டுட்டு அதால இருக்க முடியல செல்வி" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கார்டு – வேண்டாம் என்றானே, கேட்டேனா?

ஜூலை 10 – வியாழன்

மத்தியானம் மறுபடி அணைந்தது. சோலைராஜ் அண்ணாச்சி போன் பண்ணிவிட்டார், புரொஜெக்டருக்குச் சொல்லியாச்சாம். பாய் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "மதுரைக்கே அனுப்பிருவமா செல்வி? பெட்டிய நாம வித்துக்கிடலாம்" என்று மெதுவாகத்தான் கேட்டார். நாளை ஒரு நாள் மட்டும் தாங்க பாய் என்றேன். பாத்ரூமில் போய் அழுதேன். ஆமா, அழுதேன். என்ன இப்போ?

ஜூலை 11 – வெள்ளி

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் முழுப் படத்தையும் ரெண்டருக்குப் போட்டேன். இன்று அசைவதில்லை என்று தூக்குவாளியில் புளிச்சோறு கொண்டு போயிருந்தேன். மத்தியானம் நெருங்க நெருங்க பாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடப் போகலியா, அம்மா தேட மாட்டாவளா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இங்கேயே சாப்பிடுகிறேன் என்றேன். வாசலுக்குப் போகிறார், வருகிறார். ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கடைசியில் கல்லாவுக்கு அடியிலிருந்து என்னத்தையோ எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

நீலத் துணி! ஓரமெல்லாம் வெள்ளைப் பட்டி வைத்து, ஜிப் போட்டு, தகரப் பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்த உறை.

"வெளிய எந்திரிச்சுப் போனேன்னா இதப் போட்டு விட்டுட்டுப் போ. புழுதி ஏறிரும்லா. தெனமும் நான்தான் போட்டுவிடுவேன். எங்க வீட்ல தௌலத் தச்சுக் குடுத்தா" என்றார்.

தகரப் பெட்டி தகரப் பெட்டி என்று கேலி பண்ணின மனுஷன், நான் பார்த்துவிடக் கூடாதென்று தினம் ஒளித்து ஒளித்து அதற்குச் சட்டை போட்டிருக்கிறார். நான் வருவதற்குள் கழற்றியும் வைத்திருக்கிறார். எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "பாய், ரெண்டர் ஓடும்போது அது மூச்சு விடணும், இல்லன்னா சூடேறித் தானா அணைஞ்சிரும். நம்மளப் போத்திப் படுக்க வச்சு மூக்கையும் அடைச்சா எப்படி இருக்கும்?" என்றேன்.

பாய் முகம் சுருங்கிவிட்டது. "நான்தானா அத நிறுத்துனது?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தொழுகைக்குப் போனார். கேட்ட விதத்தில் என் சிரிப்பும் நின்றுவிட்டது. பாவமாக இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் படம் முடிந்தது, ஒரு தடங்கலும் இல்லாமல். கார்டே, உன்னைச் சந்தேகப்பட்டேன். மன்னித்துக்கொள்.

ஜூலை 14 – திங்கள்

பாய் பெட்டிப் பக்கமே வரவில்லை. ஆனால் கதவிடுக்கில் சாக்கை மடித்து அடைத்து வைத்திருக்கிறார்.

ஜூலை 17 – வியாழன், ஆடி 1

சோலைராஜ் அண்ணாச்சி வீட்டில் படம் இரண்டு தரம் ஓடியதாம். குலவை வந்த இடத்தில் வீட்டுப் பெண்களும் எழுந்து சேர்ந்து குலவை போட்டார்களாம். மாப்பிள்ளை அப்போதும் சிரித்தாராம். விருந்துப் பலகாரத்தில் ஒரு வாளி ஸ்டூடியோவுக்கு வந்தது. பாதியை முத்துசெல்வமே காலி பண்ணினான்.

ஆகஸ்ட் 4 – திங்கள்

எட்டயபுரம் ஸ்டூடியோக்காரர்கள் அவர்கள் எடுத்த கல்யாணத்தை நமக்கு அனுப்புகிறார்கள், எடிட்டிங்குக்கு. பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். வாங்கப் புறப்பட்டேன். அதே பேருந்து நிலையம்தான். இந்தத் தடவை எனக்கு வருகிறது!

படி இறங்கும்போது பாய் கூப்பிட்டு ஒரு பையைக் கொடுத்தார். நீலத் துணி, வெள்ளைப் பட்டி, அதே ஜிப். ஹார்ட் டிஸ்க் அளவுக்குச் சின்னதாகத் தைத்திருக்கிறது. கொடுத்துவிட்டு, சந்தேகமாக ஒரு தரம் என்னைப் பார்த்தார்.

"டிஸ்க்கு மூச்சு விடாதுல்லா?"

பஸ்ஸில் வரும்போது விடாது பாய் என்று சொல்லி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.