வெண்ணெய் உருகிய வாசனை

பாப்பாவின் அம்மாவுக்கு அன்புடன் எழுதுவது. எல்லோரும் சௌக்கியமா? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? எனக்குக் காய்ச்சல் அடியோடு விட்டுவிட்டது. கவலைப்படாதே.

ஒரு சின்ன விஷயம். காய்ச்சலோடு மூக்கும் நாக்கும் மரத்துப் போயின. ஹோட்டலில் சாஸுக்கு உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். தலைமைச் சமையல்காரர் திட்டவில்லை, நல்ல மனுஷர். பாத்திரம் கழுவும் பக்கம் மாற்றிவிட்டார்.

நேற்று லீவு. பரீட்சை பண்ணிப் பார்க்கலாமென்று அறையில் ஸ்டேக் செய்தேன். இருக்கிற ஒரே வாணலியில் இறைச்சித் துண்டை இருபுறமும் சிவக்க வாட்டி எடுத்து, அதிலேயே வெண்ணெய், பூண்டு, காளான், மிளகு போட்டு, கடைசியில் க்ரீம் ஊற்றினேன். கைக்கு எதுவும் மறக்கவில்லை. ஆவி முகத்தில் அடித்தபோது சூடு மட்டும்தான் தெரிந்தது.

கூட இருக்கும் டிரைவர் ஓடி வந்தார். "என்னய்யா பண்றே? மாடிப்படி வரைக்கும் மணக்குதே!"

"சும்மாதான். உட்காருங்கண்ணே."

"உன் கையே கை!" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டார். எனக்கு ஈரத்துணியை மென்ற மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே என் தட்டையும் அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

மணமும் ருசியும் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். வராவிட்டால் எனக்கு வேறு என்ன தொழில் தெரியும், சொல்லு?

இரண்டு பனியன் அனுப்பு. ஊறுகாய் வேண்டாம், வீணாகத்தான் போகும். அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. இனிமேல் என்ன சமைத்தாய் என்பதோடு நிறுத்தாமல், அது எப்படி மணந்தது என்றும் எழுது.

கூப்பிடுகிறார்கள், பாத்திரம் குவிந்துவிட்டது.

உன்னவன்