தலைக்கு மேல் நின்ற விமானம்

தொயொனாகா,
ஏப்ரல் 21

யூச்சான்,

அக்கா எழுதுகிறேன். செத்துப் போனவளுக்குக் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. என் கையெழுத்தைப் பார்த்தும் சிரிப்பாய். நடுநிலைப் பள்ளியோடு நின்றவள் எழுத்து இப்படித்தான் இருக்கும். உன்னோடு பேசிப் பேசிப் பழகின வாய். இப்போது வீட்டில் பேச ஆளில்லை.

உன் எலும்புகள் வைத்த ஜாடி, வெள்ளைத் துணி சுற்றி, புத்தர் மாடத்துக்கு முன்னால் இருக்கிறது. காலையில் முதல் சோறு உனக்குத்தான். நேற்று நான் வேலை பார்க்கிற சாப்பாட்டுப் பொட்டலத் தொழிற்சாலையிலிருந்து முட்டைச் சுருள் கொண்டுவந்து வைத்தேன், ஓரம் கருகினது. உனக்கு அதுதானே பிடிக்கும்.

ஜாடிக்குப் பக்கத்தில் உன் ஊதா நிறப் பெட்டி. கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் செருகி, காலால் மிதிப்பாயே, அதுதான். மிதித்ததும் கிடார் சத்தம் விமானம் போகிற மாதிரி சுழன்று சுழன்று போகும். "வீட்டு மேல போறது போதாதுன்னு உள்ளேயும் ஒண்ணு ஓட்டுறியாடி?" என்று சமையலறையிலிருந்து கத்துவேன். "மேல போறது ஏர்போர்ட் மூடினதும் ஒன்பது மணிக்கு நின்னுடும்கா. என்னுது நிக்காது" என்பாய்.

உன் இசைக்குழுக் கிஷிதா போன் பண்ணினான். நாற்பத்தொன்பதாம் நாள் முடிந்ததும் உன் சாமான்களை ஞாபகத்துக்கு என்று பிரித்துக் கொடுக்க வேண்டுமே, அதற்காக. "கிடாரும் அந்தப் பெட்டியும் எங்க குழுவுக்கே குடுத்துடுங்கக்கா. சனாயேன்னு ஒருத்தங்க, தையல் கடை வச்சிருக்காங்க. இனிமே அவங்கதான் வாசிக்கப் போறாங்க" என்றான். கிடாரை எடுத்துக்கொள் என்றேன். பெட்டியைத் தரமாட்டேன் என்றேன்.

அதன் தலையில் நாலு குமிழ் இருக்கிறது. நாலும் நீ கடைசியாகத் திருப்பின இடத்திலேயே நிற்கிறது. துணியால் துடைக்கக்கூட பயம், வாயால் ஊதி விடுகிறேன். நீ செருகின வயரையும் உருவவில்லை. கொடுத்தால் அந்தத் தையல்காரி திருப்பிவிடுவாள். அப்புறம் உன் கை வைத்த இடம் எது என்று யாருக்குத் தெரியும்?

வெளியூர் வாசிக்கப் போனால், இறங்கினதும் போன் பண்ணுவாய். ஒரே ஒரு மணி அடிக்க விட்டு வைத்துவிடுவாய். பத்திரமாக இறங்கிவிட்டேன் என்று அர்த்தம். அந்த மணி கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. இப்போதும் வரவில்லை.

உன் அக்கா
ஃபுமியே


மே 8

யூச்சான் குட்டி,

உன் பெட்டியைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

இன்று எனக்கு லீவு. உன் சத்தத்தை ஒரு தரம் கேட்டுவிட வேண்டும் போல இருந்தது. ஸ்பீக்கரைப் போட்டேன். பெட்டியை மிதிக்க மனம் வரவில்லை, கையால் அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. திரும்ப அமுக்கினேன். எரியவில்லை.

போன் பண்ணினதும் கிஷிதா, கடைகளுக்குப் பீர் பாட்டில் கொண்டுபோகிற வண்டியோடு அப்படியே வந்து நின்றான்.

"வயரை உருவவே இல்லையாக்கா?"

"அவ செருகினது. நான் எப்படி உருவுவேன்?"

"வயர் செருகியிருந்தா இது தூங்காதுக்கா. யாரும் வாசிக்கலைன்னாலும் உள்ள இருக்கிற பேட்டரியைக் குடிச்சுக்கிட்டே இருக்கும்."

"உன்னை மாதிரின்னு சொல்லு."

"நானாவது கடையைச் சாத்தினா எந்திரிச்சுடுவேன்!"

உன் ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சிரித்துவிட்டேன். அப்புறம் அழுதேன். அப்படியே இருக்கட்டும் என்று நான் காத்ததுதான் அதைக் காலி பண்ணியிருக்கிறது. நீ போட்ட பேட்டரியை அவன் குப்பையில் போடப் பார்த்தான். பிடுங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

புதுசு போட்டதும் விளக்கு எரிந்தது. கிஷிதா உன் கிடாரை எடுத்துக் கம்பியைத் தட்டினான். விமானம் வரவில்லை, யூச்சான். தகரக் குழாய்க்குள் வாசிக்கிற மாதிரி சத்தம் ஒரே இடத்தில் நின்றது. அவன் தரையில் குப்புறப் படுத்துக் குமிழ்களைப் பார்த்தான்.

"இது அவ சத்தமே இல்லைக்கா."

அதில் எழுதியிருப்பது இங்கிலீஷ். எனக்கு எங்கே தெரியும்? அவன்தான் சொல்லிக் கொடுத்தான். முதல் குமிழ், விமானம் வானத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கு. ரெண்டாவது, அங்கேயிருந்து எவ்வளவு தூரம் போய் வரும் என்பதற்கு. மூணாவது வேகம். நாலாவதைத் திருப்பினால் சத்தம் விசில் மாதிரி கூர்மையாகும்.

"ரெண்டாவது இடது கோடியில கெடக்கு பாருங்க. அதாவது, விமானம் எங்கேயும் போகாது. நின்ன இடத்துல நிக்கும். அவ இதை முக்கால்வாசிக்குத் திருப்பித்தான் வைப்பா, இவ்வளவு இறக்கி நான் பார்த்ததே இல்லை. எங்கேயாவது இடிச்சுத் திரும்பியிருக்கும். சரி பண்ணிடவா?"

"கையை எடுடா!"

அவன் கையில் ஒரு அடி போட்டேன். வயரை மட்டும் உருவிவிட்டுப் போனான்.

நீயா யூச்சான் அதை அப்படித் திருப்பி வைத்தாய்?

ஃபுமியே


மே 12

யூச்சான்,

தொழிற்சாலையில் வெள்ளரிக்காய் ஊறுகாய் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. மேற்பார்வைக்காரி "ஃபுமியே, கை ஏன் நிக்குது?" என்று சத்தம் போட்டாள்.

மார்ச் கடைசி. பூ இன்னும் பூக்கவில்லை. உன்னால் உட்கார முடியாது. மெத்தையில் மல்லாந்து படுத்து, கிடாரை வயிற்றில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாய். ஒரு கை கம்பியில், ஒரு கை குமிழில். ஒரு தட்டுத் தட்டுவாய், குமிழை மெதுவாகத் திருப்புவாய். நான் மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். "என்னடி, இன்னிக்கு விமானம் தள்ளாடுது?" என்றேன்.

"பிடிச்சு வச்சிருக்கேன்கா. இன்னும் கொஞ்ச நேரம்."

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். மாத்திரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். நீ வேண்டாம் என்று தலையை ஆட்டினாய்.

வீட்டுக்கு வந்ததும் கிஷிதா காட்டின மாதிரி வயரைச் செருகினேன். ஜாடியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். கம்பியை ஒரு தட்டுத் தட்டி, முதல் குமிழில் கை வைத்தேன். ஆமாம், திருப்பினேன். வேறெப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கம் திருப்பினால் விமானம் உயரப் போகிறது. அந்தப் பக்கம் திருப்பினால் தாழ வருகிறது. கையை நிறுத்தினால் நின்றுவிடுகிறது, சரியாக நம் கூரைக்கு மேலே. போகவும் இல்லை, இறங்கவும் இல்லை. தானாக ஓடாதபடி ரெண்டாவதை அணைத்துவிட்டு, கையாலேயே பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறாய்.

கம்பிச் சத்தம் அடங்குகிற வரைக்கும்தான் அது நிற்கிறது. அப்புறம் திரும்பத் தட்ட வேண்டும். விரல் வலிக்கிறது, யூச்சான். நீ எவ்வளவு நேரம் தட்டிக்கொண்டிருந்தாய் அன்றைக்கு?

குமிழைப் பழைய இடத்திலேயே வைத்தேனா என்று தெரியவில்லை. அங்கேதான் வைத்தேன் என்று நினைக்கிறேன். சத்தியமாகத் தெரியவில்லை.

அக்கா


மே 19, ஞாயிறு

என் யூச்சான்,

இன்று நாற்பத்தொன்பதாம் நாள். இன்றோடு உன் பயணம் முடிந்து சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிடுவாய் என்று பிக்கு சொன்னார். காலையில் ஜாடியை அப்பா அம்மாவோடு கல்லறைக்குள் வைத்தோம். கல்லை நகர்த்தும்போது கிஷிதா குழந்தை மாதிரி அழுதான். நான் அழவில்லை. குடை யாருடையது, யார் எந்தக் காரில் என்று அதிலேயே நேரம் போய்விட்டது.

மதியம் நம் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுப் போனதும் அவனும் சனாயேயும் இருந்தார்கள். சனாயே என்னைவிடக் குள்ளம். விரலில் ஊசி குத்தின தழும்பு. பெட்டியைப் பார்த்து அவள் தலை பாயில் படும்படி குனிந்தாள்.

"கிஷிதா அண்ணன் எல்லாம் சொன்னாருக்கா. நீங்க குடுத்தா, இந்தக் குமிழுங்க மேல டேப் ஒட்டிடுறேன். நான் திருப்பவே மாட்டேன்."

கிஷிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப வாசிக்காதீங்க, சாமி மாடத்துல வச்சு மணி அடிங்க! ஒவ்வொரு மேடையிலயும் திருப்பிக்கிட்டே இருப்பா அவ. 'இந்த ரூம் சின்னது, விமானம் சுவத்துல இடிக்கும்'னு சொல்லுவா."

அப்புறம் என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். நான் போய் வயரைச் செருகினேன்.

"வாசிங்க" என்றேன்.

அவள் தட்டினாள். நீ பிடித்து நிறுத்தினது அப்படியே கூரைக்கு மேல் நின்றது. அவள் விரல் ஓயாமல் தட்டுவதைப் பார்த்தேன். உன் விரல் எப்படி ஓய்ந்திருக்கும் என்று நினைத்தேன். ரெண்டாவது குமிழை நானே திருப்பினேன். கிஷிதா சொன்ன முக்கால்வாசிக்கு.

நகர்ந்தது, யூச்சான். மேலே ஏறி, வளைந்து, தாழ்ந்து, போனது. அதே நேரம் நிஜமான விமானம் ஒன்றும் கூரையை உரசிக்கொண்டு ஆற்றுப் பக்கம் இறங்கியது. "பாருங்கக்கா, கூடவே வாசிக்குது" என்றான் கிஷிதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பெட்டியைத் துணியில் முடிந்து சனாயேயின் கையில் கொடுத்தேன். வாசித்து முடித்ததும் வயரை உருவிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே சத்தமெல்லாம் நின்றுவிட்டது. நீ பிடித்து வைத்திருந்ததை அக்கா விட்டுவிட்டேன். பத்திரமாக இறங்கிட்டியா?

ஃபுமியே