கையில் உப்போடு எழுந்த அமுதவல்லியின் முறை

அனுப்புநர்
ம. லூர்துமேரி (வயது 46), உப்பளத் தொழிலாளி,
மாதா கோயில் தெரு, கழுவெளிமேடு, மரக்காணம் வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: 01.05.2025 கிராம சபையில் பெண்களைத் தாக்கியதை "மதத் தகராறு" என்று பதிந்ததை நீக்கி, நின்றுபோன சபையை மீண்டும் கூட்டக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊரில் கிராம சபை நடந்ததாக நோட்டில் இருக்கும், போன வருடம் வரை நாங்கள் பார்த்ததில்லை. வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கிப் போவார்கள். என்ன ஏது என்று கேட்காமல் நாங்களும் போட்டோம். அது எங்கள் தப்புதான்.

2. எங்கள் மாதா கோயிலில் வாரந்தோறும் அன்பியக் கூட்டம் உண்டு. பத்துப் பதினைந்து வீட்டார் வட்டமாக உட்கார்ந்து ஜெபித்து, முறை வைத்துப் பேசுவோம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. என்னோடு உப்பு வாரும் அமுதவல்லி மாரியம்மனைக் கும்பிடுகிறவர். நான் சொல்லக் கேட்டு, கிராம சபையிலும் இப்படிப் பேசலாமே என்றவர் அவர்தான். கையில் உப்பை வைத்துக்கொண்டு பொய் சொன்னால் அம்மன் கேட்டுவிடுவாள் என்பது அவர் நம்பிக்கை. அதனால், உப்பைக் கையில் வாங்கியவர் மட்டுமே பேசுவது என்று வைத்துக்கொண்டோம். ஜனவரி சபைக்கு நாற்பது பெண்கள் போனோம். ஊராட்சித் தலைவரும் உப்பை வாங்கித்தான் பேசினார்.

3. மே சபையில், கௌதமன் என்பவரின் இறால் பண்ணைக் கழிவுநீர் எங்கள் குடிநீர்க் கிணற்றில் இறங்குவது பற்றித் தீர்மானம் வந்தது. அமுதவல்லி உப்பை வாங்கி எழுந்தார். அவர் வாய் திறக்குமுன் கௌதமனின் ஆட்கள் பதினோரு பேர் பந்தலுக்குள் புகுந்தார்கள். உப்பு வாரும் பலகையின் கழியால் அவர் தாடையில் அடித்தார்கள். மூன்று பற்கள் மண்ணில் விழுந்தன. முடியைப் பிடித்து இழுத்துப் போய், பக்கத்துப் பாத்தியின் உப்புநீரில் முகத்தை அமுக்கினார்கள். கிழிந்த வாய்க்குள் அந்த நீர் போனால் எப்படியிருக்கும் என்பது, ஐயா, உப்பளத்தில் காலறுத்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும். தடுக்கப் போன என் இடது கையை முறித்தார்கள். "சாமிய கோயிலோட வெச்சுக்கோங்க. ஊர் விஷயத்துல வாயத் தொறந்தா உப்புலயே புதைச்சிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

4. காவல் நிலையத்தில் இதை இரு மதத்தாருக்குள் தகராறு என்று எழுதியிருக்கிறார்கள். நான் கிறிஸ்தவள், அமுதவல்லி இந்து, அது போதுமாம். அவர் தலை என் மடியில் இருக்க, ஒரே ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தத் தகராறைக் காரணம் காட்டிச் சபையையும் நிறுத்திவிட்டார்கள். மனுவில் இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

5. ஆகவே, நடந்ததை நடந்தபடி பதியவும், பாதுகாப்போடு சபையைக் கூட்டவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். அமுதவல்லியின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பேச ஆறு வாரமாகும் என்கிறார் டாக்டர். அதுவரை காத்திருக்கிறோம். ஆனால் சபை அவரிலிருந்துதான் தொடங்க வேண்டும். அன்று அவர் உப்பை யாரிடமும் கொடுக்கவில்லை; ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரல்களைப் பிரித்தபோதும் கையில் இருந்தது. முறை இன்னும் அவருடையது.

இடம்: கழுவெளிமேடு
நாள்: 12.05.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
ம. லூர்துமேரி