வேன் குரூப்பில் நீ போட்ட கட்டைவிரல்

எம். புதுப்பட்டி

அன்பு மகன் கதிரவனுக்கு அம்மா இருளம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை வேல்விழி எழுதுவது. இங்கே என் முட்டிவலியைத் தவிர எல்லாரும் சுகம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ராஜபாண்டியனிடம் இட்லிப்பொடியோடு இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நாங்கள் வேலைக்குப் போகும் பட்டாசுக் கம்பெனி வேன் எங்கே வருகிறது என்று சொல்வதற்கு டிரைவர் கோட்டைச்சாமி ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறாரே, மஸ்கட் போயும் நீ இன்னும் அதில் இருக்கிறாயே, அதில்தான் வினை. செவ்வாய்க்கிழமை, ரோட்டில் பள்ளம், வேன் பத்து நிமிஷம் லேட் என்று போட்டார். அந்தப் பள்ளம் யார் ஆட்சியில் விழுந்தது என்று உன் அப்பா கேட்டார். இப்ப இருக்கவுக அதை மூடாம என்னத்தப் புடுங்குதாக என்று உன் அத்தை வெள்ளைத்தாய் பேசி அனுப்பினாள். நாற்பது பேரும் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ஏய், வேன் வந்து நிக்கி, ஏறித் தொலைங்கய்யா என்று கோட்டைச்சாமி போட்டதை யாரும் பார்க்கவில்லை, சீசன் நேரத்தில் வேன் பாதி காலியாகப் போனது. அதோடு விட்டாரா, என் தங்கச்சி ஓட்டுப் போட்டவுகதான் பள்ளத்தைத் தோண்டுனதே என்று அப்பா எழுதினார். அதற்கு நீ கட்டைவிரல் போட்டிருக்கிறாய். எது வந்தாலும் பார்க்காமல் விரல் போடுகிறவன் நீ என்று எனக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியுமா? இன்னும் தாலியே கட்டலை, அதுக்குள்ள மாமியாளுக்கு விரலைக் காட்டுதான், இவனுக்கா எம் மக பிரீத்திகா என்று வேனே கேட்கக் கத்தினாள். ஆவணியில் நிச்சயம் நடக்குமோ நடக்காதோ, எனக்குச் சோறு இறங்கவில்லை. உடனே விரலை எடு. அதற்காக அத்தை பேசியதற்கு விரல் போட்டுவிடாதே, அப்பா சாப்பிடமாட்டார். தலைக்கு எண்ணெய் வை. அய்யனார் துணையிருப்பார், ஒரு குறையும் வராது.

இப்படிக்கு உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா இருளம்மாள்

அண்ணே, மேலே உள்ளது நேற்று அம்மா சொல்லி எழுதியது, இது இன்று நானாக எழுதுவது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாததால் போனில் வருவதை நான்தான் வாசித்துக் காட்டி, அவள் சொல்வதை அடித்து அனுப்புகிறேன். நேற்று அத்தைக்கு அனுப்பச் சொன்ன பேச்சை இதில் எழுதவே கூச்சமாக இருக்கிறது. வெள்ளைத்தாயி, சாப்பிட்டியா என்று மட்டும் நான் அடித்தேன். சாப்பிட்டேன் மதினி, காலையில உங்களுக்குச் சீட்டுப் பிடிச்சு வைக்கேன் என்று பதில் வந்தது. அத்தைக்கும் எழுத்துத் தெரியாதே, அங்கே அடிப்பது பிரீத்திகா மதினி. இன்று இருவரும் ஒரே சீட்டில் போனார்கள். அத்தைதான் இறங்கி வந்தாள் என்று அம்மாவுக்குப் பெருமை, அம்மாதான் இறங்கி வந்தாள் என்று அத்தைக்குப் பெருமை. நீ வாயைத் திறக்காதே, அண்ணே.