மாடிச் சுவரில் ஒரு பென்சில் மலை

சார்,

காலையிலிருந்து வீடெல்லாம் சுண்ணாம்பு வாசனை. மாடியில் நீங்கள் இருந்த அறைக்கு வெள்ளையடிக்கக் கன்னடக்கார மஞ்சுநாதன் வந்திருக்கிறான். வாளியில் கொதித்து அடங்கும் சுண்ணாம்பைப் பார்த்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் இட்லி வேகிறது. நான் எங்கோ பழைய மழைக்குள் இருக்கிறேன்.

அந்த மழைக்காலத்தில் என் இரண்டு கையும் வெடித்துக் கிடந்தன. நாள் முழுக்க சோப்புத் தூளில் பாத்திரம் தேய்க்கும் கை வேறு எப்படி இருக்கும்? கை ஆறாவிட்டால் மாவு கரைக்க முடியாது, என் இட்லிக் கடை படுத்துவிடும். நீங்களோ மாடிக்குக் குடிவந்த கணக்கு சார், டீயை ஆறவிட்டு யோசிக்கிறவர். என்ன கணக்கு என்று கேட்டேன். "மேல்தோல் கணக்கு, அக்கா" என்றீர்கள்.

"தடிச்ச தோலுக்கா சார்? எங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்து ஆரம்பிங்க."

சிரித்துக்கொண்டே சுவரில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தீர்கள். இடது கோடி தோலின் அடி, வலது கோடி வெளிக்காற்று. தாழ்வாகத் தொடங்கி, ஏறி ஏறி மலையாக நின்று, செத்த தோல் வரும் இடத்தில் சட்டென்று சரிந்தது கோடு. தோலுக்குள் கால்சியம் இப்படித்தான் நிற்குமாம். தோல் கிழிந்தால் மலை கரையும், ஆறினால் மறுபடி எழும். அதையே கணக்காக்கி ஓட்டிப் பார்த்த உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் கரைந்த மலை எழவே மாட்டேன் என்றதாம்.

கால்சியம் என்றால் சுண்ணாம்புச் சத்து என்றும் சொல்லிவைத்தீர்கள். அது போதாதா எனக்கு? வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து வெடிப்பிலெல்லாம் அப்பிக்கொண்டேன். நான் போட்ட கூச்சலில் ஓடிவந்து, குழாயடியில் என் கையைப் பிடித்துக் கழுவிவிட்டீர்கள்.

"வெளியில இருந்து போட்டு மூடாதீங்க, அக்கா. உள்ள குறையுதுன்னு தெரிஞ்சாத்தான் தோல் வேலையை ஆரம்பிக்கும்."

எரிச்சலிலும் என் வாய் அடங்கவில்லை. "நீங்க கணக்கு சாரா, கம்பவுண்டரா?"

பிறகு இருவரும் காத்திருந்தோம். நான் கைக்கு, நீங்கள் மலைக்கு. என் கைதான் முதலில் மூடியது. படியடியில் நின்று உள்ளங்கையை விரித்து, "நான் பாஸு, நீங்க?" என்று தினமும் கேட்டேன். மழை விட்ட ஒரு மதியம், தூக்கத்தில் நடப்பவர்போல் இறங்கி வந்தீர்கள்.

"கிழிஞ்ச எடம் கொஞ்சம் கொஞ்சமா மூடும்ல, அதைக் கணக்குல சேர்க்கவே இல்ல, அக்கா. சேர்த்தேன். மலை வந்துடுச்சு."

"மூடியே போடாம இட்லி அவிக்கப் பார்த்திருக்கீங்க. என் கடையா இருந்தா அன்னிக்கே விரட்டியிருப்பேன்."

அன்று ஒருநாள்தான் நீங்கள் டீயைச் சூடாகக் குடித்தது.

ஊருக்குப் போனீர்கள், நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று சேதி மட்டும் திரும்பி வந்தது. உடனே வேறு ஆளை வை, மனசு மாறும் என்றார்கள் எல்லாரும். நான் அறையைப் பூட்டியே வைத்திருந்தேன். வெறும் அறையைப் பார்த்துப் பார்த்து அழுதேன். இப்போதுதான் ஒரு நர்ஸம்மா குடிவரட்டும் என்று தோன்றியது.

மேலேயிருந்து மஞ்சுநாதன் கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். உங்கள் மலைக்கு முன்னால் வெள்ளையடிக்கும் மட்டையை நனைத்துக்கொண்டு நிற்கிறான்.

"யாரோ கிறுக்கியிருக்காங்க அக்கா. இதையும் அடிச்சிடறேன்."

"பேடப்பா. அங்க மட்டும் சுண்ணாம்பு வேணாம்."

"எல்லாம் வெள்ளையா இருக்கும், இது மட்டும் மூளியா தெரியுமே."

தெரியட்டும் என்றேன், சார்.